“எம்.எஸ். ஆபீஸ் தெரியுமா?”



நினைவுச் சொற்பொழிவில் மென்பொருளைப் பற்றியா என்று சிலர் கேட்டார்கள். தேவாரத்திலிருந்து விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: காய் பறிப்பது நாம், விலை முடிவாவது போடியிலும் புற்றடியிலும். அவர்கள் பிள்ளைகளின் கணினியைப் பற்றித்தான் பேசவந்தேன்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். நம் தெருக்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எதை வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்தது பெரும்பாலும் விண்டோஸைத்தான்.

பிள்ளைகளின் விருப்பம் என்று விட்டுவிடலாமா? பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். அதைப் படித்துத் தேறிய பெண் தேனியில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனால், “எம்.எஸ். ஆபீஸ் தெரியுமா?” என்பார்கள். கடிதம் அடிப்பதும் கணக்குப் போடுவதும் இரண்டிலும் ஒரே வேலைதான். ஆனாலும் அந்தப் பெயருக்காகக் கம்ப்யூட்டர் சென்டரில் மறுபடி பணம் கட்டவேண்டும். வீட்டில் ஏற்கெனவே கணினி உள்ள பிள்ளைக்கு இந்தச் செலவு கண்ணிலேயே படாது. கூலி வீட்டில் அது பல நாள் சம்பளம்.

1999இல் அமெரிக்க நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் மைக்ரோசாஃப்ட் வழக்கில் கண்டது இதைத்தான். ஆட்கள் அதிகம் இருக்கும் இடத்துக்கே மென்பொருள் எழுதுகிறவர்கள் போவார்கள். மென்பொருள் அதிகம் இருக்கும் இடத்துக்கே ஆட்கள் போவார்கள். புதிதாக வருகிறவன் உள்ளே நுழைய முடியாது. நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொன்ன ஆணையை 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவின் முக்கியப் பகுதி மட்டும் நின்றது.

நம் மாநிலத்தில் வேறு வழி இல்லாமல் இல்லை. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி. உமாசங்கர் அந்த அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அதே அதிகாரிதான் 2010இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி இடைநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்புக்குப் பின் அது ரத்தானது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ஒரு நல்ல அதிகாரி நாற்காலியில் இருக்கும்வரைதான் ஒரு கொள்கைக்கு ஆயுள் என்றால், அது நமக்குப் போதாது.

ஆகவே ஒன்றைக் கேட்போம். இந்த மாவட்டத்தில் அரசுப் பணத்தில் எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும், விளம்பரத்தில் கம்பெனிப் பெயர் வேண்டாம்; “கணினியில் கடிதமும் கணக்கும் செய்யத் தெரியவேண்டும்” என்று போடட்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையெழுத்திடுங்கள்.