புற்றுநோயும் மறைத்துண்ணும் மருந்தும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் மருத்துவம் பயின்றவனல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும், நம்மவர் இல்லங்களிற் புகுந்து வருத்தும் புற்றுநோயைக் குறித்து ஒரு செய்தி சொல்ல விழைகின்றேன்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதன் இறுதியில், வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தருளினார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. அந்நான்காமவர் நாமே. நாம் செய்வது மருத்துவனுக்குத் தெரியாதாயின் அந்நான்கும் ஒருங்கு நிற்றல் எங்ஙனம்?

நம் இல்லங்களில் நிகழ்வது யாது? ஆசுபத்திரியில் மருந்தேற்றிக்கொண்டு வந்தவர்க்கு ஒருவர் கஷாயம் காய்ச்சுகின்றார். மற்றொருவர் பெயரறியாச் சூரணம் கொணர்கின்றார். எல்லாம் அன்பினாற் செய்வனவே. ஆனால், "டாக்டரிடம் சொல்லாதே, கோபித்துக்கொள்வார், பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்கின்றோம்.

பச்சிலை வலியற்றதன்று. நம் முற்றத்துப் பூக்கும் நித்தியகல்யாணியைக் காண்மின். நீரிழிவிற்கு உதவுமென்று அதனை ஆராய்ந்த கனடா நாட்டறிஞர், அது வெள்ளணுக்களைக் குறைத்தல் கண்டு, 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை வெளிப்படுத்தினர். இரத்தப் புற்றுற்ற குழந்தைகட்கு ஏற்றப்படும் வின்கிரிஸ்டினும் அச்செடியினின்று பெற்றதே. நோயை வெல்லும் ஆற்றல் இலைக்கு உண்டெனின், மற்றொரு மருந்தைக் கெடுக்கும் ஆற்றலும் உண்டன்றோ?

உட்கொண்ட மருந்துகளுட் பலவற்றை மாற்றிக் கழிப்பது கல்லீரல். சில மூலிகைகள் அத்தொழிலை விரைவுபடுத்தும். மருந்து பயன்படுமுன்னரே கழிந்தொழியும். சில அதனைத் தடுக்கும். மருந்து உடலிற் சேர்ந்து நஞ்சாகும். ஐரோப்பியர் மனத்தளர்ச்சிக்கு உண்ணும் செயிண்ட் ஜான்ஸ் வொர்ட் என்னும் பூண்டு முன்னதற்குச் சான்று. இரினோடீகான் என்னும் மருந்துடன் அதனை உண்டோர்க்கு, அம்மருந்தின் செயற்படு கூறு இரத்தத்தில் 42 விழுக்காடு குறைந்ததென 2002இல் ராட்டர்டாம் நகரத்தார் கண்டனர். பின்னதற்குச் சான்று, பம்பளிமாசு இனத்ததாகிய கிரேப்புரூட். இமாட்டினிப் மாத்திரை உண்போர் அப்பழத்தை விலக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

இவை பிறநாட்டுப் பொருள்கள் என்று நீங்கள் அமைதல் வேண்டா. மஞ்சளின் சாரத்தையும் மிளகின் சாரத்தையும் ஒருங்குண்டார்க்கு, மார்பகப் புற்றிற்குரிய டமாக்ஸிஃபென் மருந்தினின்று உடலில் விளையும் பயன்படு பொருள் குறைந்ததென அந்நகரத்தாரே 2019இல் அறிவித்தனர். இது மிகுந்த அளவில் உண்ட சாரத்தின் விளைவு. குழம்பில் இடும் மஞ்சளுக்கு அஞ்சவேண்டுவதில்லை. இனி, பாதரசமும் ஈயமும் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்தை வருத்த வல்லன. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தும் அதனையே வருத்துவது. இருசுமையும் ஒருங்கேறின் அவ்வுறுப்பு தாங்குமோ?

சித்தர் மருத்துவத்தை இகழ யான் இங்கு வந்திலேன். அந்நூல்களைப் போற்றிக் கற்றவன் யான். பத்தியம் வகுத்து, இன்னதனோடு இன்னது சேரலாகாதென்று விதித்தவர் நம் முன்னோரே. அங்ஙனமிருக்க, இருமருந்தை அறியாது கலப்பது அவர் நெறிக்கும் மாறாகும்.

மறைப்பதனால் விளையும் கேடு மற்றொன்றுண்டு. கல்லீரல் பழுதுற்றால், காரணம் அறியாத டாக்டர் தாம் கொடுத்த மருந்தே தீங்கு செய்ததென்று கருதி அதனைக் குறைப்பார், சிலவேளை நிறுத்துவார். நோயோ வளரும். உயிர்காக்கும் மருந்தை இழப்பித்தது எதுவெனில், நாம் மறைத்த பொட்டலமே.

ஆதலின், வீட்டில் உண்ணும் சூரணம், லேகியம், தைலம், டானிக் அனைத்தையும் புட்டியோடும் பொட்டலத்தோடும் டாக்டரிடம் காட்டுங்கள். தொடங்கிய நாளையும் சொல்லுங்கள். சித்த வைத்தியரிடமும் ஆசுபத்திரி மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். பெயரும் சேர்க்கையும் சொல்லப்படாத பொடியை வாங்காதீர்கள். மூலிகையை நம்பி, தொடங்கிய சிகிச்சையை இடையில் விடாதீர்கள். டாக்டர் ஒருகால் கடிந்துரைப்பினும் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சொல்லினும் நோய் கொடிது.