நமக்கு வேண்டியது ஒரு காலை ரயில்

(இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு மேடையில் ரயிலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டீர்கள். நான் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரன். அதனால்தான் பேசுகிறேன்.

சிறுவயதில் அம்மாவோடு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போடி ரயிலில் போயிருக்கிறேன். எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ரயிலில் உட்கார்ந்தார். ஒருமுறை எதிர் சீட்டுப் பெண், "எந்த ஊரு?" என்றார். "ஆண்டிபட்டி." "ஆண்டிபட்டியில எந்தத் தெரு?" அம்மா பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இடத்தை விட்டு எழவில்லை. கையில் டிக்கெட் இருந்தது. ரயிலில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. "எழுந்து நில்" என்று சொல்லும் அதிகாரம் அங்கே எந்தத் தெருக்காரருக்கும் இல்லை என்கிறேன்.

அதுவும் சும்மா வந்துவிடவில்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் இயக்கம் போராடி 1941-இல்தான் அது ஒழிந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், தலித் மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவு போட்டார். பயண உரிமை நம் இயக்கத்தின் பழைய கோரிக்கை.

இனி போடி ரயிலுக்கு வருவோம். மலையில் விளைந்த ஏலக்காயைக் கொண்டுபோக 1928-இல் வந்த பாதை அது. சுமார் 90 கி.மீ. அகலப் பாதையாக மாற்றப்போகிறோம் என்று 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டது.

வந்த ரயிலாவது யாருக்காக வந்தது? முன்பதிவில்லா ரயில் தினம் ஒன்று. காலை எட்டரை வாக்கில் மதுரையில் கிளம்பியது. மாலை ஆறு மணி வாக்கில் தேனியிலிருந்து திரும்பியது. மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்க்கும் அலுவலருக்கு வசதி. காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டிய நோயாளிக்கும், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கும், சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவுக்கும் அது எதிர்த்திசை ரயில்.

கட்டணத்தையும் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு நாடு முழுக்க பாசஞ்சர் ரயில்களுக்கு 'எக்ஸ்பிரஸ் சிறப்பு' என்று பெயர் மாற்றி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் அது குறைந்தது. பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ். நின்று நின்று போனது அதே பாசஞ்சர்தான்.

இதை மாற்ற முடியுமா? முடியும். புதிதாக நிலம் எடுக்க வேண்டாம். பாதை இருக்கிறது, மின்கம்பியும் வந்துவிட்டது. மெமு ரயிலுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஒற்றைப் பாதை என்பதால், எதிரெதிர் ரயில்கள் விலகிப் போக நிலையங்களில் கூடுதல் தண்டவாளம் வேண்டியிருக்கும். அது செலவுதான். வந்தே பாரத்துக்குச் செலவு செய்கிற அரசால் இதற்கும் செய்ய முடியும்.

போடியில் விடியற்காலை கிளம்பி எட்டு மணிக்குள் மதுரை சேரும் ரயில் ஒன்று. மாலையில் வீடு திரும்ப ஒன்று. கேட்பது இவ்வளவுதான். யார், எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் எழுதி வாங்குவோம். காலனிகளிலிருந்து தொடங்குவோம். கால அட்டவணை போடுகிறவர்கள் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.