இரவிலும் படம் எடுக்கலாம்



குன்னத்துகாலில் கார்த்திகை இரவு. பாட்டி திண்ணையில் அகல் விளக்கு ஏற்றுகிறார். பேரன் செல்போனில் படம் எடுக்கிறான். பிளாஷ் பளிச்சென்று வெட்டுகிறது. படத்தில் பாட்டியின் முகம் வெளிறிப்போய் இருக்கிறது. விளக்கின் ஒளியைக் காணோம். ஏன்?

பிளாஷ் வெளிச்சம் விளக்கொளியை மறைத்துவிட்டது. அதை அணைக்க வேண்டும். பல போன்களில் அதற்கு மின்னல் போன்ற குறி இருக்கும்.

இரவில் ஒளி குறைவு. அதனால் கேமராவின் கண் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அப்போது கை ஆடினால் படம் கலங்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் கேமராவின் கண்ணைப் பஞ்சுத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்டிருந்தால் படம் மங்கும்.

போனைச் சுவரிலோ நாற்காலியிலோ சாய்த்து வையுங்கள். 3 நொடி டைமர் வையுங்கள். பொத்தானை அழுத்தும்போது உண்டாகும் ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும்.

பாட்டியை விளக்கின் அருகே உட்காரச் சொல்லுங்கள். விளக்கொளி முகத்தில் விழட்டும். படம் எடுத்து முடியும்வரை அவர் அசையாமல் இருக்கட்டும்.

கன்னியாகுமரிக் கடல் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. அது 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கரையிலிருந்து பிளாஷ் போட்டால் அந்த ஒளி சிலையை எட்டாது. சில அடி தூரமே போகும். சூரியன் மறைந்ததும் வானம் நீலமாக இருக்கும்போது எடுங்கள். சிலையும் தெரியும், வானமும் தெரியும்.

விளக்கு அடுத்த ஆண்டும் எரியும். பாட்டியின் இன்றைய சிரிப்பு திரும்ப வருமா? பொறுமையாக எடுங்கள்.