ஆலையின் கணக்கும் நம் பிள்ளைகளும்



2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். ஆலைகள் சூழ்ந்த புதுவாயலுக்கும் இது பாடமாகும்.

திரவ அம்மோனியா, இயல்பான அழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழ் 33 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகும். திரவமும் வாயுவும் கலந்தோடும் குழாயைக் கணிப்பொறியில் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், வெப்பம் ஆகியவற்றின் வரவு செலவைக் கணக்கிடுவர். குழாய் உடைந்தால் எவ்வளவு, எத்துணை விரைவில் வெளியேறும் என அக்கணக்கு மதிப்பிடும். ஆயினும், இடும் எண் பிழையெனில் விடையும் பிழையே.

ஆலை மதிலோரம் வாழ்வோர் நாம். அக்கணக்கைப் போடவும் சரிபார்க்கவும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அதற்குரிய கணிதத்தை இச்சங்கம் கற்பிக்கட்டும்.