கண் செல்லும் காலம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் கொண்டு மாத்திரைக்கு அளவு கூறியது தொல்காப்பியம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு சிற்றளவைப் பற்றியதே. ஒரு பொருள் தோன்றிய பின், நமது பார்வை அதன்மேற் செல்வதற்கு எவ்வளவு நேரமாகின்றது? அந்த நேரத்தை நிர்ணயிப்பது எது?

கையை முன்னே நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த விரலின் அகலமளவே நமது கண் தெளிவாகக் காண்கிறது. மற்றவையெல்லாம் மங்கலே. ஆகையால் கண் ஓரிடத்தினின்று இன்னோரிடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றது. செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று தாவல்கள். தாவும்போது காட்சி தடைப்படுகிறது. கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை நோக்கிவிட்டு மறுகண்ணை நோக்குங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் காணமாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவர் காண்பார்.

தாவலுக்குப் பிடிக்கும் நேரம் மிகச் சொற்பம். ஆனால் தாவுவதற்கு முன் கண் ஏறக்குறைய 200 மில்லிசெக்கன், அதாவது ஐந்தில் ஒரு செக்கன், காத்து நிற்கின்றது. ஒளிச்செய்தி மூளைக்குப் போய்க் கட்டளையாகக் கண் தசைக்குத் திரும்ப அதிற் பாதி நேரமே போதும். எஞ்சிய நேரத்தில் நடப்பது என்ன? மூளை தீர்மானிக்கின்றது.

பீலியிலே குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் விளிம்பு மாறுவதில்லை. தண்ணீர் வரும் வேகமே மாறுகிறது. விளிம்பை எட்டியதும் குடம் வழிகின்றது. மூளையும் இவ்வாறே என்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் காப்பென்ரர் கணிதமுறையில் விளக்கினார். 1996இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ஹேன்ஸ், ஷால் ஆகியோர் குரங்குகளின் மூளையில் இதை நேரே அளந்தனர். நெற்றிப்புற மூளையின் நரம்புக் கலங்களில் எழுச்சி ஒரு குறித்த மட்டத்தை எட்டியதும் கண் புறப்பட்டது. மெல்ல எழுந்த வேளையில் தாமதமாகவும், விரைந்து எழுந்த வேளையில் சீக்கிரமாகவும் புறப்பட்டது.

இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. 1967இல் சாஸ்லோ என்பவர் ஒரு பரிசோதனை செய்தார். கண் பற்றி நிற்கும் புள்ளியை முதலில் மறைத்து, சிறிது நேரங்கழித்துப் புதிய புள்ளியைக் காட்டினால், கண் விரைவாகப் புறப்படுகின்றது. பழைய புள்ளி இருந்துகொண்டே இருந்தால் தாமதிக்கின்றது. பிடித்ததை விடுவதற்கே நேரம் வேண்டும் என்பது இதன் பொருள். மனத்துக்கு மட்டுமன்று, கண்ணுக்கும் பற்று உண்டு!

புறப்பட எண்ணிய கண்ணைத் தடுக்கவும் முடியும். ஆனால் தடுப்பதற்கும் நூறு மில்லிசெக்கனுக்கு மேல் வேண்டும். அதற்குப் பிந்தி வரும் கட்டளை பயன்படாது.

நமது அயல்நாட்டிலும் இத்துறையில் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் ஆதித்ய மூர்த்தியும் அவரது குழுவினரும் இரண்டு புள்ளிகளை அடுத்தடுத்துக் காட்டி ஆராய்ந்தனர். முதற் தாவல் முடியுமுன்னரே மூளை இரண்டாவதற்கும் ஆயத்தமாகின்றது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைகள் வரிசையில் நிற்பதுபோல இவ்விரண்டும் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை குலைந்தால் கண் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் விழுகின்றது. பார்க்கின்சன் நோயாளரிடம் இத்தவறு கூடுதலாக நிகழ்வதை 2013இல் அவர்கள் வெளியிட்டனர். மூளையின் அடியிலுள்ள நரம்புத்திரள் ஒன்றே இவ்வரிசையைக் காக்கின்றது என்றும் காட்டினர்.

தாய்மார்களே, இது உங்களுக்குப் புதியதன்று. கொழுந்தெடுக்கும்போது கை ஒரு தளிரைக் கிள்ளுகையிலேயே கண் அடுத்த தளிரைத் தேடிவிடுகின்றதல்லவா? இங்கிலாந்திலே மைக்கேல் லான்ட் என்னும் விஞ்ஞானி தேநீர் தயாரிப்போரின் கண்ணசைவை அளந்து, 1999இல் எழுதினார். கை தொடுவதற்கு ஏறக்குறைய அரைச் செக்கன் முன்பே கண் அப்பொருளை அடைந்துவிடுகிறது. அவர் அளந்தது தேநீர்க் கோப்பையருகே. அந்தக் கோப்பைக்குரிய கொழுந்தை எடுக்கும் கண்களோ இங்கே இருக்கின்றன.

அதே லான்ட், 1994இல் எடின்பரோ நகரத்து வளைந்த பாதையொன்றில் சாரதிகளின் பார்வையையும் ஆராய்ந்தார். வளைவு வருவதற்கு ஓரிரு செக்கன் முன்னரே சாரதியின் கண் வளைவின் உட்புற விளிம்பைப் பற்றிக்கொள்கின்றது. கண் வழிகாட்டக் கை பின்தொடர்கின்றது.

இதை நான் லுணுகலையிலே சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021 மார்ச் 20ஆம் திகதி இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், பசறை 13ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்களைப் பறித்தது. அதன் காரணத்தை ஆராய்வது என் நோக்கமன்று. ஆனால் அந்தப் பாதையிலேயே நாம் நாள்தோறும் செல்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, செக்கனுக்கு 11 மீற்றர் ஓடுகின்றது. கண் புறப்படுமுன்னரே இரண்டு மீற்றர் போய்விடும். இரண்டு செக்கன் கைத்தொலைபேசியைப் பார்த்தால், 22 மீற்றர் பார்வையற்ற ஓட்டம்! அதிலிருந்து கண்ணை விடுவிக்கும் நேரம் வேறு. கால் தடையை மிதிக்கும் நேரம் வேறு. நமது வளைவுகளில் அவ்வளவு தூரம் எங்கே இருக்கின்றது?

வாலிப நண்பர்களே, "என் கண் கூர்மையானது, நான் சமாளிப்பேன்" என்று சொல்லாதீர்கள். அந்த ஐந்தில் ஒரு செக்கன் வீரனுக்கும் உண்டு, கோழைக்கும் உண்டு. அதை நாம் அழிக்க முடியாது. அதற்கு இடங்கொடுக்க முடியும். மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ ஓட்டும்போது தொலைபேசியை எடுக்காதிருங்கள். வளைவுக்கு முன் வேகத்தைக் குறையுங்கள். பஸ்ஸிலே சாரதியுடன் பேச்சுக் கொடுக்காதிருங்கள். புலனடக்கம் பற்றி நாம் கோயிலிலே கேட்கிறோம்; அதைப் பாதையிலும் கடைப்பிடிப்போமாக.