வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்



விழா மேடையில் காரைப் பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கலாம். ஆயினும் இன்று பல இல்லங்களில் தந்தையும் மகனும் வழக்காடும் பொருள்களுள் இதுவும் ஒன்று. "புதிய சிறிய கார் வாங்கும் பணத்தில் பழைய பென்ஸ் கிடைக்கிறதே, ஏன் வாங்கக் கூடாது?" என்று மகன் கேட்கிறான். தந்தைக்கு உள்ளூர அச்சம் தோன்றுகிறது; காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழியில் நாட்றாம்பாளையம் என்னும் ஊர் உள்ளது. மலையும் காடும் சூழ்ந்த பகுதி. யானைகள் நடமாடும் நிலம். வடக்கே அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை கடந்தால் ஓசூர். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு.

இவ்வூர் இளைஞர் ஒருவர் ஓசூர்த் தொழிற்சாலையில் பணிபுரிகிறார் என்று கொள்வோம். அவரிடம் 5 இலட்சம் ரூபாய் சேமிப்பு உண்டு. பெங்களூருவில் பத்தாண்டு ஓடிய சொகுசுக் கார் ஒன்று 7 இலட்சத்திற்கு விலைக்கு வருகிறது. புதியதாக இருந்தபோது அதன் விலை 50 இலட்சம். குறையும் 2 இலட்சத்தைத் தங்கையின் திருமணத்திற்கென வீட்டில் ஒதுக்கிய பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணுகிறார். பெண் பார்க்க வருவோர் வாசலில் அந்தக் காரைக் கண்டால் குடும்பத்தின் மதிப்பு உயரும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு சரியா?

இவ்வாசை இன்று தோன்றியதன்று. 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கான்டெசா வந்தது. 1985இல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம், இங்கிலாந்தின் ரோவர் காரின் உடலமைப்பைக் கொண்டு ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரைச் செய்தது. உடல் புதியது, எஞ்சினோ பழைய வழியில் வந்தது. சில ஆண்டுகளிலேயே அக்காரின் உற்பத்தி நின்றது. அதை வாங்கியோர் பின்னர் உதிரிபாகம் தேடி அலைந்தனர். 1995 முதல் புனேயில் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களும், 2007 முதல் செங்கற்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ கார்களும் பூட்டப்பட்டன. இவ்வாறு உள்நாட்டிலேயே பெருகிய சொகுசு வண்டிகள் முதுமை எய்தி, இன்று பழைய கார்ச் சந்தையில் நிற்கின்றன.

விலை ஏன் இவ்வளவு வீழ்கிறது? காப்பீட்டு நிறுவனங்களின் அட்டவணையே ஐந்தாண்டு நிறையும்போது எந்தக் காரின் மதிப்பையும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அதற்குப் பின் நிகழும் வீழ்ச்சிக்கு வேறொரு காரணம் உண்டு. முதலில் வாங்கிய செல்வர், உத்தரவாதக் காலம் முடிந்ததும் வண்டியைக் கை மாற்றுகிறார். பெருஞ்செலவு இனிமேல்தான் வரும் என்பது அவருக்கும் தெரியும், வணிகருக்கும் தெரியும். வாங்குவோர்க்கு மட்டுமே தெரியாது. மலிவு என்பது பெரும்பாலும் அந்த வருங்காலச் செலவின் தள்ளுபடியே ஆகும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். காரின் விலை குறைகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. 7 இலட்சத்திற்கு வாங்கினாலும், பழுது பார்க்கும்போது அது 50 இலட்ச ரூபாய்க் காரேதான். காற்றழுத்தத்தால் தாங்கும் சஸ்பென்ஷன், தானியங்கி கியர்ப்பெட்டி, இருக்கைக்கும் கதவுக்கும் விளக்குக்கும் தனித்தனியே அமைந்த மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆகிய ஒவ்வொன்றும் அந்த உயர்ந்த விலையிலேயே மாற்றப்பட வேண்டியவை. குறைவாக ஓடிய வண்டி என்பதும் முழு ஆறுதலன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பிலுள்ள பிளாஸ்டிக் பாகங்கள், ரப்பர்ப் புஷ்கள், அடைப்பு வளையங்கள் ஆகியவை ஓடாமல் நின்றாலும் மூப்படையும். 2025இல் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. அத்தகைய எரிபொருளுக்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் எரிபொருள் குழாய்கள் விரைவில் கெடக்கூடும்.

காப்பீடு காக்காதோ எனின், விபத்தில் காக்கும்; தேய்மானத்திற்குத் தராது. விபத்திலும் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதித் தொகையே கிடைக்கும். பத்தாண்டு கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் அவ்வாறே. மறுபாதி உரிமையாளர் கையிலிருந்து செல்ல வேண்டும்.

இனி நாட்றாம்பாளையத்துச் சாலைக்கு வருவோம். அக்காலத்துப் பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய டயர்கள் பூட்டப்பட்டிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்திற்கு மிகாமல், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் செல்லலாம் என்பது ஏற்பாடு. நகரத்திற்கு அது போதும். மலைச்சாலைக் குழியில் டயரின் பக்கச்சுவரே கிழிந்தால் அவ்வேற்பாடு உதவாது. அத்தகைய டயர் சிற்றூர்ப் பஞ்சர்க் கடையில் கிடைப்பதும் அரிது. தானியங்கி கியர் கொண்ட வண்டியைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கவும் ஆகாது, கியர்ப்பெட்டி கெட்டுவிடும். முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் மீட்பு லாரி வரவேண்டும். யானை கடக்கும் காட்டுவழியில், இரவில், முதிய பெற்றோருடன் அந்த லாரிக்காகக் காத்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லை கடந்து வாங்குவோர்க்குச் சட்டக் கடமைகளும் உண்டு. கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கு மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெறவேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30. கடன் தீர்ந்த வண்டியாயின் படிவம் 35. தமிழ்நாட்டு வாழ்நாள் வரியும் செலுத்த வேண்டும். வரி வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையுமெனினும், அதன் தொடக்க மதிப்பைப் பின்பற்றியே அமையும். 15 ஆண்டு நிறைந்தபின் பதிவைப் புதுப்பிக்க, 2022 ஏப்ரல் முதல் உள்நாட்டில் பூட்டிய காருக்கு 5,000 ரூபாயும், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயும் கட்டணமாக மைய அரசு வகுத்தது. ஆகவே வண்டி எங்கே பூட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

தொலைவிலிருந்து வரும் வண்டிகளில் மேலும் விழிப்பு தேவை. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018இல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தன. பின்னர்த் தளர்வு வந்ததெனினும், அத்தடையால் டில்லி வண்டிகள் பல பிற மாநிலங்களுக்கு மலிவாகச் சென்றன. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூருவிலும் வெள்ளத்தில் விலையுயர்ந்த கார்கள் பல மூழ்கின. மூழ்கிய கார் பளபளப்பாகத் திரும்பி வரக்கூடும். இருக்கைப் பட்டையை இறுதி வரை இழுத்தால் நீர்க்கறை தெரியும். தரைவிரிப்பின் கீழ் ஈரவாடையும், இருக்கைத் திருகாணிகளில் துருவும் காட்டிக்கொடுக்கும்.

சமணக் குடும்பத்தினர் கேட்க வேண்டிய கேள்வி மற்றொன்றும் உண்டு. இருக்கை உறை விலங்கின் தோலா, செயற்கைத் தோலா? சொகுசுக் கார்கள் பலவற்றில் மெய்யான தோலே இருக்கும். ஸ்டீயரிங்கிலும் கியர்ப் பிடியிலும் கூட இருக்கும். மெர்சிடிஸ் நிறுவனத்தின் எம்.பி.டெக்ஸ் போன்ற செயற்கை உறைகளும் உண்டு. விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல், வண்டியின் விவரக் குறிப்பைப் பார்த்துத் தெளிய வேண்டும்.

அவ்வாறாயின் எவரும் வாங்கலாகாதோ? அவ்வாறன்று. அவ்வண்டிகளின் உறுதியும் அமைதியும் பாதுகாப்பும் மெய்யானவை. நன்கு பராமரித்து, பல்லாண்டு மகிழ்ச்சியோடு ஓட்டுவோர் உள்ளனர். அத்தகையோரிடம் சில பொதுப் பண்புகளைக் காணலாம். அன்றாடப் பயணத்திற்கு வேறொரு வண்டி வைத்திருப்பர். நம்பத்தக்க மெக்கானிக் அருகில் இருப்பார். பெங்களூரு ஜே.சி. சாலையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் உதிரிபாகம் தேடப் பொறுமை இருக்கும். வாங்குமுன் பராமரிப்புப் பதிவேட்டை முழுதும் படிப்பர். கணினிக் கருவியால் பிழைக் குறியீடுகளைச் சோதிப்பர். டயரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்ப்பர். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். அனைத்திற்கும் மேலாக, வண்டி விலையில் பாதியேனும் பழுதுக்கென்று தனியே வைத்திருப்பர். அதாவது, 7 இலட்சத்துக் கார் வாங்க ஏறத்தாழ 10 இலட்சம் கையில் வேண்டும்.

இந்த அளவுகோலால் அந்த இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். கையிருப்பு 5 இலட்சம். வாங்கும் நாளிலேயே அவர் கடனாளி. அதுவும் தங்கைக்குக் கடனாளி. முதற்பழுது வரும்போது கார் வீட்டு வாசலில் நிற்கும். திருமண நாள் தள்ளிப்போகும். மதிப்பை உயர்த்த வந்த வண்டி, அசையாமல் நின்று, வீட்டின் நிலையை ஊரறியச் செய்யும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தாரை எல்லாம் துறக்கச் சொல்லவில்லை. உடைமைக்கு ஓர் அளவை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. கார் வாங்குவோர் அவ்வளவைச் சந்தைக்குச் செல்லுமுன் வீட்டில் அமர்ந்து, தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் அறிய வகுத்தல் நன்று. சந்தையில் வண்டியைக் கண்டபின் வகுக்கும் அளவு நிலைக்காது.

அந்த இளைஞருக்குச் சொல்லத்தக்கது இதுவே. தங்கையின் பணத்தைத் தொடாதிருங்கள். சேமிப்பு வளரும் வரை, ஊர்ச் சாலைக்கேற்ற, உள்ளூரிலேயே பழுது பார்க்கத்தக்க வண்டியை ஓட்டுங்கள். திருமண நாளில் பெரிய கார் வேண்டுமெனில் ஒரு நாள் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். நாட்றாம்பாளையத்தார் யானையை அறிந்தவர்கள். தொலைவில் நின்று அதைக் கண்டு மகிழ்வார்கள். தீனி போட வழியறியாமல் அதை வீட்டு வாசலில் கட்ட எண்ணமாட்டார்கள்.