நெற்பயிர் பகைவனை அறிவது எப்படி?

(செஞ்சியில் உழவர் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஒரே ஏரித் தண்ணீர், ஒரே மழை. என் வயலில் பி.பி.டி. நெல் நுனியிலிருந்து கருகிப் போயிற்று. வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி புது விதை போட்டார். அது பச்சையாக நிற்கிறது. நோய் வருவதைப் பார்க்கப் பயிருக்குக் கண்ணா இருக்கிறது?" அதற்குப் பதில் சொல்வதே இன்றைய என் பேச்சு.

அவர் வயலில் வந்தது பாக்டீரியா இலைக்கருகல் நோய். இலை நுனியிலிருந்து ஓரங்களில் அலை அலையாக மஞ்சள் கோடு இறங்கி, பிறகு வைக்கோல் நிறமாகக் காய்ந்துவிடும். ஐயம் இருந்தால், நோய்கண்ட இலையை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் வெட்டுவாய் படும்படி நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து புகைபோல் கலங்கல் இறங்கினால் அது இந்த நோய்தான்.

பயிருக்குக் கண் இல்லை. ஆனால் வாயிற்காவலர் உண்டு.

செடியின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வை ஊடுருவிச் சில புரதங்கள் நிற்கின்றன. இவற்றை ஏற்பிகள் என்கிறோம். ஏற்பியின் ஒரு பாதி செல்லுக்கு வெளியே, மறுபாதி உள்ளே. தனக்கு உரிய பொருள் வெளிப்பாதியில் வந்து பொருந்தினால், உள்பாதி விழித்துக்கொண்டு செல்லுக்குள் செய்தி அனுப்பும். பல ஏற்பிகளுக்கு அந்தப் பொருள், பெப்டைடு எனப்படும் சிறு புரதத் துணுக்கு. புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட மாலை என்றால், பெப்டைடு அதில் ஒரு முழம்.

செடிகள் தமக்குள் செய்தி அனுப்பவும் இத்துணுக்குகளையே பயன்படுத்துகின்றன. தக்காளி இலையைப் புழு கடித்தால் செடியின் தற்காப்பைத் தூண்டுவது, 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு. இது 1991இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

இலைக்கருகல் பாக்டீரியாவும் ஒரு பெப்டைடைச் செய்கிறது. அதன் பெயர் ராக்ஸ்-எக்ஸ். செடி தன் வளர்ச்சிக்காகத் தானே செய்துகொள்ளும் பெப்டைடு ஒன்றின் சாயல் அதற்கு உண்டு. கந்தகம் சேர்ந்த சல்பேட் முத்திரைகூட அதேபோல் இருக்கிறது. உறவினர் கையெழுத்தில் பகைவன் எழுதிய கடிதம் என்று சொல்லலாம். சாதாரண நெல் இந்தப் பகைவனை அடையாளம் காண்பதில்லை. எக்ஸ்.ஏ.21 என்ற ஏற்பி உள்ள நெல் கண்டுகொள்கிறது. அது செடியின் சொந்தக் கடிதத்தை விட்டுவிட்டு, பாக்டீரியாவின் கடிதத்தை மட்டும் பிடித்து எச்சரிக்கை மணி அடிக்கிறது. முத்திரை இல்லாத ராக்ஸ்-எக்ஸ் அதைத் தூண்டுவதில்லை.

இந்தக் காவலர் நம் நெல்லில் இருந்தவர் அல்ல. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்று இந்நோயைத் தாங்குவதை 1977இல் இந்திய ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டார். அந்தக் குணத்தைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்தனர். 1995இல் கலிபோர்னியாவில் அதன் ஜீன் பிரித்தெடுக்கப்பட்டது. அது எதை உணர்கிறது என்பது 2015இல்தான் தெளிவாயிற்று.

ஆனால் ஒரு காவலரை மட்டும் நம்பக்கூடாது. பாக்டீரியா தன் பெப்டைடைச் சற்றே மாற்றிக்கொண்டால் காவலர் ஏமாந்துபோவார். இங்கே நம் கோட்டையைப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் என்று மூன்று மலைகளை மதிலால் இணைத்தார்கள். 1690இல் முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு இதைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று. அதே முறையில் ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சியாளர்களும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் சம்பா மசூரியில், அதாவது பி.பி.டி. 5204இல், மூன்று எதிர்ப்பு ஜீன்களைச் சேர்த்தனர். ஒன்று வாயிலில் நிற்கும் எக்ஸ்.ஏ.21. இரண்டாவது, பாக்டீரியா செடியின் சர்க்கரைக் களஞ்சியத்தைத் திறக்க முடியாமல் செய்கிறது. மூன்றாவது, பாக்டீரியா உள்ளே செலுத்தும் புரதங்கள் செடியின் ஜீன்களைத் தூண்டுவதைத் தடுக்கிறது. இந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளியிடப்பட்டது. இது இனச்சேர்க்கையால் உருவான ரகம். வீரிய ஒட்டு அல்ல; ஆகவே கலவன் நீக்கிச் சொந்த விதை எடுக்கலாம்.

அன்பர்களே, விதையைப் பார்த்து இது பழையதா புதியதா என்று சொல்ல முடியாது. நெல்மணி ஒன்றுபோலவே இருக்கும். சான்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். வேளாண்மை அலுவலரைக் கேட்டு, முதலில் கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள். இந்த எதிர்ப்பு இலைக்கருகலுக்கு மட்டுமே. குலைநோய்க்கோ புகையானுக்கோ இது உதவாது.

எந்த விதை போட்டாலும் சில காரியங்கள் உங்கள் கையில் உள்ளன. எக்ஸ்.ஏ.21 இளநாற்றில் முழு வலிமை காட்டுவதில்லை. வளர்ந்த பயிரில்தான் காட்டும். ஆகவே நாற்றங்காலிலேயே கவனம் வேண்டும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். காயம்தான் பாக்டீரியாவுக்கு வாசல். தழைச்சத்தை ஒரேயடியாக இடாமல், இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுங்கள். யூரியாவால் கரும்பச்சையான பயிரில்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் நோய் வேகமாகப் பரவும். நோய்கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். நோய் தென்பட்டவுடன் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளித்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தெளியுங்கள்.

பெரியவரே, உங்கள் பங்காளி வயலில் பச்சை நின்றதற்குக் காரணம் அந்த விதைக்குள் இருந்த காவலராக இருக்கலாம். வரும் சம்பாவில் உங்கள் வயலிலும் அவரை நிறுத்துங்கள். ஆனால் வரப்பில் நீங்களும் நில்லுங்கள். காவலர் தவறும் இடத்தில் உழவரின் கண்தான் பயிரைக் காக்கும்.